பார்த்த சங்கிலி

ஒரு கதை இருக்கு என்றான். வேலை முடியட்டும் அத்தான், உங்களோடை ஒரு கதை கதைக்கோணும். அவ்வளவுதான். பிறகு வான் வண்டியின் சூட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, வீதியைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே வந்தான் என் மனைவியின் தம்பி பஸ்தியான், ரொறன்ரோவைத் தாண்டி, சோளக் காணிகளைத் தாண்டி, இன்னும் இலை வராத காடுகளைத் தாண்டி இந்த ஏரிக்கரை வரைக்கும், வாயில் பிளாஸ்திரி ஒட்டியவன் போல. ஒரு மனிசனைக் குளிர் தண்ணிக்குள் இறக்கப் போகிறவன் இப்படி ஒரு கதையைப் பாதியில் தொங்கவிடலாமா. இப்போது நான் இறங்குகிறேன், காது அடைக்கிறது, மூக்கைப் பிடித்து ஊதுகிறேன், காது திறக்கிறது, கதை மட்டும் அடைத்தபடியே இருக்கிறது. ஐந்து பாகம், முப்பது அடி ஆழம். தலைக்கு மேலே மிதவையின் அடிப்பக்கம் கறுப்பாகச் சதுரமாகத் தெரிகிறது, வெயில் அதன் ஓரங்களால் ஒழுகுகிறது. அந்த மிதவையில்தான் அவன் குந்தியிருக்கிறான். அவன் மணிக்கட்டில் ஒரு முனையும் என் இடுப்பில் மறுமுனையுமாகக் கயிறு. இது எங்கள் கரையின் வழக்கம், மன்னார்ப் பக்கம். சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. அண்ணன் தம்பி பிடிப்பதுமில்லை, அண்ணன் தம்பிக்குள் வள்ளம் இருக்கும், வளவு இருக்கும், நூறு வில்லங்கம் இருக்கும். கூடப்பிறந்தவள் தாலி அறுக்கிறதைப் பார்க்க எவனுக்கும் மனம் வராது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். கீழே போனவனோடு சேர்ந்து மேலே இருக்கிறவனும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்வான், தன் நெஞ்சு முட்டும்போது இழுப்பான். அந்தப் பெண் செத்துப்போனால் சகோதரன் கயிற்றைக் கொண்டுவந்து தாரமிழந்தவனின் காலடியில் வைப்பான். இவன் அதைக் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் விடுதலை, கோபமில்லை, தாபமில்லை. எடுக்காமல் விட்டவன் ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை. என் மனைவி றெஜினா தை மாதம் செத்துப்போனாள். இன்றைக்குத்தான் அதற்குப் பிறகு நான் தண்ணிக்குள் இறங்குகிற முதல் நாள்.

கால் தரையில் தொடுகிறது. சேறு மெதுவாக எழும்பி முழங்கால்வரை புகைகிறது, கொஞ்சம் பொறுத்தால் படிந்துவிடும், பொறுக்கிறேன். பனி உருகிப்போய் இரண்டு கிழமைதான், பாசி பிடிக்கவில்லை, தண்ணி பச்சைப் போத்தல் மாதிரித் தெளிவாக இருக்கிறது. அதோ மிதவையைப் பிடித்து வைத்திருக்கிற கொங்கிறீற் கட்டை. ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில் தனியாக இருந்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல இருக்கிறது. அதன் காதில் பூட்டிய சங்கிலி சேற்றில் சுருண்டு கிடந்தது, காலையில் ஒருமுறை இறங்கி அதன் நுனியில் கயிறு கட்டி மேலே அனுப்பினேன், பஸ்தியான் இழுத்து மிதவையின் வளையத்தில் பூட்டிவிட்டான். இனி நான் கட்டையிலிருந்து மேல்வரைக்கும் ஒவ்வொரு வளையமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஆடியில் பிள்ளைகள் வருவார்கள், கோடை முகாமுக்கு, ஒரு பட்டாளம். மிதவையில் ஏறிக் குதிப்பார்கள், ஒருவனை ஒருவன் தள்ளுவார்கள், தலைகீழாக விழுவார்கள். அவர்களில் ஒருவனாவது கீழே என்ன பிடித்து வைத்திருக்கிறது என்று நினைப்பானா. நினைக்கத் தேவையில்லை, அதற்குத்தான் நான். முகாமை நடத்துகிற வெள்ளைக்காரன் என்னைச் சாண்டி என்று கூப்பிடுகிறான். சந்தியோகு என்பது அவன் வாய்க்குள் நுழையவில்லை. நல்ல மனிசன், வருகிற நேரமெல்லாம் கோப்பி தருவான். இந்த முறை கோப்பியோடு என் தோளைத் தொட்டு, றெஜினாவைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னான், நான் தாங்க் யூ என்றேன். பிறகு இரண்டு பேரும் கோப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கயிறு ஒருமுறை இழுபடுகிறது. ஒருமுறை என்றால் சுகமோ என்று கேள்வி. பதிலும் ஒருமுறைதான். இழுக்கிறேன். இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து, மூன்று என்றால் சாமான் அனுப்பு, விடாமல் இழுத்தால் என்னைத் தூக்கு. ஒரு ஆயுளுக்கு இந்தப் பாஷை போதும் என்று நான் றெஜினாவிடம் சொல்லுவேன், அவளுக்குச் சிரிப்பு வரும், உங்களுக்கு அதுவே கூட என்பாள். வானுக்குள்ளேயே இருப்பாள், ஏரிக்கு வந்தால். இறங்கமாட்டாள். உப்பில்லாத தண்ணியிலை என்ன கிடக்கு என்று கேட்பாள், கஞ்சியைப் பற்றிச் சொல்வதுபோல. மடியில் தோடம்பழம் உரித்துக்கொண்டு, கண்ணாடியைக் கால்வாசி இறக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கமாட்டாள், பஸ்தியானைத்தான் பார்ப்பாள். நான் ஏறி வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். தம்பியிடம்தான் கேட்பாள், இண்டைக்கு இவரின்ரை இழுவை எப்பிடி. அவன் சொல்லுவான், நல்ல இறுக்கமா இழுத்தவர் அக்கா. அல்லது, கொஞ்சம் சோம்பல் அக்கா. சோம்பல் என்று சொன்ன நாளில் இரவுக்கு மிளகு போட்டு ரசம் இருக்கும். அதாவது, இவ்வளவு காலமும் நான் இழுத்தது அவனை இல்லை, அவன் கை வழியாக வானுக்குள் இருந்தவளை. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, ஐந்து பாகம் ஆழத்தில், கையில் கம்பித் தூரிகையோடு நிற்கும்போது. இப்போது இழுத்தேனே ஒன்று, அது எங்கே போயிருக்கும். அவன் மணிக்கட்டுவரை போயிருக்கும். அங்கிருந்து யாரிடம் சொல்லுவான். சங்கிலியில் வரிச்சிப்பி அப்பிக் கிடக்கிறது, சின்னச் சின்னதாக, நகம் அளவு, சுரண்டினால் கொட்டுகிறது. எங்கள் கடலில் சிப்பிக்காக மூச்சடக்கிச் செத்தார்கள், இங்கே சிப்பியைச் சுரண்டி எறியச் சம்பளம் தருகிறார்கள். றெஜினாவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எனக்கு நல்ல பகிடி என்று தோன்றியது. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

என்ன கதையாக இருக்கும். எனக்குத் தெரியும் என்ன கதை. தெரிந்துகொண்டே தெரியாததுபோல வளையத்தைப் பார்க்கிறேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு கொடுத்தபோது நான் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை, பஸ்தியானின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பையொன்று இருந்தது. அதற்குள் கயிறுதான் என்று நினைத்தேன். இப்போது வைப்பான், பாதர் போகட்டும் என்று பொறுத்திருக்கிறான், சனம் கலையட்டும் என்று பொறுத்திருக்கிறான். கடைசியில் பையிலிருந்து எடுத்தது மிஞ்சிய றோல்களைப் போட்டுக் கொண்டுபோகிற டப்பா. எனக்குக் கோபம் வந்தது, ஏன் என்று தெரியாத கோபம். வைக்கிறதென்றால் வைத்துவிடு, இல்லையென்றால் வைக்கமாட்டேன் என்று சொல்லு, றோலை என்னடா செய்கிறாய். பிறகு மாசியும் போனது, பங்குனியும் போனது, கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்தான், சாப்பிட்டியளோ என்று கேட்டான், சாப்பிட்டேன் என்று சொன்னேன், சரி அத்தான் என்று வைத்தான். கயிறு அவன் கராஜில் ஆணியில் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். சித்திரையில் ஒருநாள் அவனுடைய வீட்டுக்குப் போனபோது வேறு எதையோ எடுக்கிற சாட்டில் கராஜுக்குள் போய்ப் பார்த்தேன். சுருட்டி அழகாக மாட்டியிருந்தான், தூசி தட்டியிருந்தான். தூசி தட்டியது தொடர்ந்து பிடிக்கவா, ஒப்படைக்கவா. ஒப்படைக்கிற பொருளைத்தான் மனிசர் துடைத்துக் கொடுப்பார்கள். நானே அப்படித்தான், அவளுடைய சீலைகளை அவளுடைய சிநேகிதிகளுக்குக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அயர்ன் பண்ணினேன். வாழ்நாளில் அவளுடைய ஒரு சீலையையும் நான் அயர்ன் பண்ணியதில்லை.

தகட்டை எடுக்கிறேன். உள்ளங்கை அகலத் தகடு, ஓரத்தில் ஒரு வெட்டு. வளையம் அந்த வெட்டுக்குள் நுழையாவிட்டால் நல்ல வளையம், நுழைந்தால் தேய்ந்துபோன வளையம், மாற்ற வேண்டும். சங்கிலி எங்கே தேயும் என்று எல்லோரும் பிழையாகத்தான் நினைப்பார்கள், மிதவை ஆடுகிற மேல்பக்கம் என்று. மேலே இல்லை. தரையில் கிடக்கிற பகுதியும் தேயாது, அது பாட்டுக்குக் கிடக்கும். தரையில் கிடப்பதா எழும்புவதா என்று முடிவில்லாமல், அலைக்கு எழும்பி அலைக்குப் படுக்கிற அந்த நடுப் பகுதிதான் மண்ணில் உரசி உரசி இளைக்கும். அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும். வைக்கிறேன். நுழையவில்லை. அடுத்தது, நுழையவில்லை. அடுத்தது நுழைவதுபோலப் போய் நின்றுவிடுகிறது, இன்னும் ஒரு கோடை தாங்கும். சங்கிலியைக் கட்டையின் காதோடு பூட்டுகிற சாக்கிளின் ஆணிதான் இளைத்திருக்கிறது, புதிதொன்று இடுப்புப் பையில் இருக்கிறது. பழையதன் பூட்டுக் கம்பியை வெட்டி, ஆணியைத் திருகி, வரமாட்டேன் என்கிறது, பொறு, வா, வந்துவிட்டது. புதிய ஆணியைப் போட்டு இறுக்கிக் கம்பியால் சுற்றிக் கட்டுகிறேன், தானாகக் கழலாமல். கையுறைக்குள் விரல்கள் ஊசி குத்துகின்றன. மேலே பாதியில் சுழல் இருக்கிறது, மிதவை காற்றுக்குச் சுற்றும்போது சங்கிலி முறுகாமல் அதுதான் தானும் சுற்றிக்கொடுக்கும். போன வருசம் சிப்பி அடைத்து நாள் முழுக்கக் கிறீச்சிட்டதாம். சுரண்டி, திருப்பி, எண்ணெய்ப் பசை பூசி, மறுபடி திருப்பி, விரலொன்றால் தள்ளிப் பார்க்கிறேன். சத்தமில்லாமல் சுற்றுகிறது. முடிந்துவிட்டது. வேலை முடிந்துவிட்டது. வேலை முடியட்டும் என்றானே, அது முடிந்துவிட்டது, இனி மேலே போக வேண்டியதுதான்.

மறுபடி கீழே இறங்குகிறேன். கட்டையடியில் அந்தக் கம்பிச் சுற்றை ஒருமுறை பார்ப்போம். நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நுழைவதுபோல நின்ற வளையத்தை இன்னுமொருமுறை பார்ப்போம், அது எது, இதுவா, இல்லை இதற்கு அடுத்தது. சங்கிலியைக் கையால் பிடித்தபடி கட்டையைச் சுற்றி வருகிறேன், தகட்டை வைக்கிறேன், எடுக்கிறேன். கயிறு இழுபடுகிறது, சுகமோ. சுகம். பொய்யில்லை, சுகமாகத்தான் இருக்கிறது. இங்கே ஒரு சத்தமுமில்லை, நான் விடுகிற மூச்சு குமிழியாகப் போகிற சத்தம் மட்டும்தான். வீட்டிலும் சத்தமில்லைதான், ஆனால் அது வேறு மாதிரி. வீட்டில் ஹீற்றர் திடீரென்று உறுமி எழும்பும்போது யாரோ மாடியில் நடக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். அரிசி அளக்கிற சுண்டு இருக்கிறதே, அதில் அரைச் சுண்டு போட்டாலும் எனக்குக் கூடத்தான், மிஞ்சியதைப் பிறிஜ்ஜில் வைக்கிறேன், பிறகு எறிகிறேன், எறியும்போது சுற்றிப் பார்க்கிறேன், அவள் கண்டால் ஏசுவாள் என்று. கதவடியில் அவளுடைய பனிச்சப்பாத்து இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை, அதன் அடியில் உப்பு படிந்திருக்கிறது, வீதியில் பனி உருகப் போடுகிற உப்பு. உப்பில்லாத நாடு என்று திட்டினாளே, அவள் காலடியில் இருந்ததெல்லாம் உப்புத்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் என்று நான் நினைப்பதில்லை, இப்போது நினைக்கிறேன். தனிமை என்று கோயிலில் பிரசங்கம் வைக்கிறார்கள், ஆளில்லாமை என்கிறார்கள். எனக்கு அது அப்படியில்லை. பகிடி ஒன்று வாயில் வந்து, திரும்பிப் பார்த்து, விழுங்குவது. நாளுக்கு நாலு தரம் விழுங்குகிறேன். வயிறு நிறைந்துவிட்டது.

செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அதை ஒழுங்காகச் சொல்லவேண்டும், யாரிடம் சொல்கிறேனோ தெரியாது. அப்படி ஒரு எண்ணமில்லை. மேலே போக மனமில்லை, அவ்வளவுதான். மேலே போனால் மிதவையில் ஏற வேண்டும், சிலிண்டரைக் கழற்ற வேண்டும், அவன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தருவான், நான் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பான், மரியாதை தெரிந்தவன். பிறகு தொண்டையைச் செருமுவான். அத்தான் என்பான். எனக்கும் வயது போகுது அத்தான், மகள் மெற்றில்டாவின்ரை பிள்ளையையும் பாக்கோணும், இனி இந்தத் தண்ணி வேலை வேண்டாம். அல்லது அதுவும் சொல்லமாட்டான், பேசாமல் மணிக்கட்டிலிருந்து கயிற்றைக் கழற்றி என் காலடியில் வைப்பான். அது போதும். நான் குனிந்து எடுக்க வேண்டும். எடுத்தால் அவன் எனக்கு யார். றெஜினா இருக்கும்வரை மச்சான். அவள் இல்லாமல், கயிறும் இல்லாமல், ரொறன்ரோவில் ஒரு பஸ்தியான். கலியாண வீட்டில் கண்டால் கை கொடுப்போம், சுகமோ என்று கேட்பான், சுகம் என்பேன், கயிறில்லாமல் அதே இரண்டு சொல். வேறொருவனை வைத்து வேலையைத் தொடரலாம், இந்த நாட்டுச் சட்டமும் கயிற்றில் ஒருவன் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, யார் என்று சொல்லவில்லை, காசு கொடுத்தால் ஒரு வாட்டசாட்டமான பொடியன் வருவான், போனைப் பார்த்துக்கொண்டு பிடிப்பான். நான் எந்த முறையில் அவன் கையில் என் உயிரைக் கொடுப்பது. ஆக, மேலே போகாமல் இருந்தால் அவன் வைக்க முடியாது. தண்ணிக்குள் இருக்கிறவனின் கயிற்றை எவனும் கீழே வைக்கமாட்டான். இது நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றுகிறது, குளிரில் மூளை விறைத்தால் இப்படித்தான் தோன்றும் என்றும் தெரிகிறது. இன்னுமொரு சுற்று. தகட்டை வைக்கிறேன். நுழையவில்லை. கட்டையைச் சுற்றி இந்தப் பக்கமாக வந்தேனா அந்தப் பக்கமாக வந்தேனா. காற்று மீற்றரைப் பார்க்கிறேன், முள்ளு சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது, போகவேண்டிய நேரம், தெரியும், ஒரு வளையம் மட்டும்.

அவன் கன நேரமாக இழுக்கவில்லை. இப்போதுதான் உறைக்கிறது. கன நேரம் என்றால் எவ்வளவு, அவன் இவ்வளவு இடைவெளி விடுகிறவனில்லை, அவனுக்கு அது பழக்கம், தேத்தண்ணிக் கோப்பைக்குச் சீனி போடுகிறமாதிரி ஒரே அளவாகக் கேட்டுக்கொண்டிருப்பான். நான் ஒருமுறை இழுக்கிறேன். பதிலில்லை. கயிறு இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மேலே ஒரு கை இருக்கும் இறுக்கமில்லை, சுவரில் கட்டிய கொடிக் கயிறு மாதிரி. மறுபடி இழுக்கிறேன், பலமாக. இல்லை. வைத்துவிட்டான். நான் மேலே வருமுன்னரே வைத்துவிட்டான், மிதவைப் பலகையில் கழற்றி வைத்துவிட்டு வானுக்குப் போய்விட்டான், யாருக்காகப் பிடிப்பது, தாலி அறுக்க அங்கே யார் இருக்கிறார்கள். மூச்சு பறக்கிறது, குமிழிகள் முகத்தை மறைக்கின்றன. மெதுவாக விடு, மெதுவாக, காற்றைத் தின்னாதே. இவ்வளவு நேரமும் மேலே போக மனமில்லாமல் நின்றவன்தானே, இப்போது என்ன அவசரம். ஆனால் அது வேறு, இது வேறு. மேலே ஒருவன் பிடித்துக்கொண்டிருக்கும்போது போகாமல் நிற்பது ஒன்று. ஒருவரும் பிடிக்காத இடத்தில் நிற்பது வேறு. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது, றெஜினா, உன் தம்பி எங்கே. விடாமல் இழுக்கிறேன், தூக்கு, தூக்கு, தூக்கு. கயிற்றைக் கையால் தடவிக்கொண்டு போகிறேன், அது மேலே போகவில்லை, பக்கவாட்டில் போகிறது, சேற்றை ஒட்டிக் கட்டைக்குப் பின்னால் போகிறது. கட்டையின் மூலைக்கு அடியில் புகுந்து, சங்கிலிக்கு அடியால் வந்து, இன்னுமொருமுறை புகுந்து இறுகிக் கிடக்கிறது. சுற்றியது நான்தான். பார்த்த சங்கிலியைப் பார்த்துப் பார்த்துச் சுற்றிச் சுற்றி நானே கட்டிய முடிச்சு. அவன் இழுத்த இழுவையெல்லாம் இந்தக் கட்டைக்குப் போயிருக்கிறது. கொங்கிறீற்றைச் சுகமோ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கையுறையைப் பல்லால் இழுக்க முடியாது, வாயில் காற்றுக் குழாய், விறைத்த விரலாலேயே கயிற்றைக் கட்டை மூலையிலிருந்து நெம்புகிறேன், கொஞ்சம் வருகிறது, சங்கிலியைத் தூக்கி அடியால் விடுகிறேன், வருகிறது, கடைசிச் சுற்று தானாகவே நழுவுகிறது. நான் இழுக்க முன்னரே கயிறு பாய்கிறது. இடுப்பு ஒடிவதுபோல ஒரு வெட்டி இழுப்பு. மேலே கை இருக்கிறது. எப்படிப்பட்ட கை. நான் மீனைப்போல ஒருக்களித்துப் போகிறேன், மூச்சை விட்டபடி, விட்டபடி, மிதவையின் கறுப்புச் சதுரம் பெருத்துக்கொண்டு வருகிறது, வெயில் உடைகிறது.

மிதவையின் ஏணியைப் பிடித்துக்கொண்டு முகமூடியைக் கழற்றுகிறேன். முதலில் கேட்டது மூச்சு வாங்குகிற சத்தம், அது என்னுடையதில்லை. பஸ்தியான் பலகையில் முழங்காலில் நிற்கிறான், முகம் நாவற்பழ நிறமாக இருக்கிறது, வாயைத் திறந்து காற்றை விழுங்குகிறான். கயிறு பதில் சொல்லாமல் போன உடனே அவன் மூச்சைப் பிடித்திருக்கிறான், எங்கள் கரையில் பிடிக்கிறமாதிரி. என் முதுகில் சிலிண்டர் இருப்பது அவனுக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துகொண்டு பிடித்திருக்கிறான், விட்டிருக்கிறான், மறுபடி பிடித்திருக்கிறான், எத்தனை தரமோ. அவனால் குதிக்கவும் முடியாது, சிறுவயதில் காது உடைந்தவன், இரண்டு பாகம் போனால் சுருண்டுவிடுவான். மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தில் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. நான் ஏணியில் ஏறுகிறேன். கையுறைகளை உரித்துப் போடுகிறேன், காலின் துடுப்புகளைக் கழற்றுகிறேன், நெஞ்சுப் பட்டியின் கொளுக்கியைத் திறந்து சிலிண்டரை இறக்கி வைக்கிறேன். அவன் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். தேத்தண்ணி ஊற்றவில்லை. மீற்றரைக் கையில் எடுத்துப் பார்க்கிறான், முள்ளு சிவப்புக்குள் நிற்கிறது. வேலை எப்போது முடிந்தது என்று கேட்கிறான். கயிறு சிக்கிவிட்டது என்கிறேன். அது தெரியும், வேலை எப்போது முடிந்தது என்று மறுபடி கேட்கிறான். அப்பவே முடிந்தது என்கிறேன். பொய் சொல்ல வாய் வரவில்லை, வாயும் விறைத்திருந்தது.

"அப்ப அங்கை என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

"சங்கிலி பாத்தனான்."

"பாத்த சங்கிலியையோ."

நான் கரைப் பக்கம் திரும்பினேன். கரையில் வான் நிற்கிறது, றெஜினா இருக்கிற பக்கத்துக் கண்ணாடி மூடியிருக்கிறது. அவனும் அங்கேதான் பார்த்தான், நான் பார்த்ததை அவன் பார்த்தான். பிறகு ஏரியைப் பார்த்தபடிதான் சொன்னான், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மெற்றில்டாவின் பிள்ளைக்கு வருகிற மாதம் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நான் நிற்க வேண்டுமென்று அவளும் மருமகனும் ஆசைப்படுகிறார்கள். அவனுக்கும் ஆசை. அக்கா இல்லாவிட்டாலும் ஒரு உறவுமுறை இருக்குமே என்று நினைத்தானாம், கயிறு பிடிக்க ஒரு முறை வேண்டுமே என்று. நாலு மாதமாக யோசித்தானாம், எப்படிக் கேட்பது, மறுத்தால் என்ன செய்வது என்று. வேலை முடிய, தேத்தண்ணி குடித்தபிறகு கேட்கலாம் என்று இருந்தானாம். அதுதான் அந்தக் கதை. இவ்வளவையும் சொல்லிவிட்டு இப்போது என் பக்கம் திரும்பினான், கண் கலங்கியிருந்தது, கோபத்திலா துக்கத்திலா என்று பிரிக்க முடியவில்லை.

"கீழையிருந்து வர மனமில்லாத ஆளிட்டை நான் என்ரை பேரப்பிள்ளையை எப்பிடி அத்தான் ஏந்தக் குடுக்கிறது?"

நான் பயந்தேன் என்று சொல்லலாம். கடைசியில் விடாமல் இழுத்தேன், தூக்கச் சொல்லி இழுத்தேன், அது உன்னிடம் வரவில்லை, கட்டைக்குத்தான் போனது என்று சொல்லலாம். சொன்னால் நம்புவானா. அவன் மணிக்கட்டிலிருந்து கயிற்றுச் சுருக்கைக் கழற்றுகிறான், தோல் உரிந்த இடத்தில் ஒட்டியிருந்ததை மெதுவாக, வலிக்க வலிக்க. கயிற்றைச் சுருட்டுகிறான், ஈரக் கயிற்றை அப்படியே போட அவனுக்கு வராது. சுருட்டிக் கொண்டுவந்து என் காலடியில், பலகையில், இரண்டு கையாலும் வைக்கிறான். மறுமுனை இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. காற்று கொஞ்சம் எழும்புகிறது, மிதவை மெல்லச் சுற்றுகிறது, கரையும் வானும் எங்களை விட்டு நகர்ந்து மரங்கள் வருகின்றன, அடியில் சுழல் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறேன். பஸ்தியான் நிமிர்ந்து நிற்கிறான்.

"எடுங்கோ அத்தான்."

நான் கயிற்றைப் பார்க்கிறேன். என் காலிலிருந்து மூன்று விரல் தூரம் கூட இல்லை. எடுக்காமல் விட்டவன் ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை.

"கை விறைச்சுப் போச்சு மச்சான். எடுக்க ஏலாது."

அவன் என் கைகளைப் பார்த்தான். சற்று முன்னர்தான் இந்தக் கைகள் கையுறையை உரித்தன, கொளுக்கியைத் திறந்தன, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கயிற்றைப் பார்த்தான், மறுபடி கைகளைப் பார்த்தான். பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் பலகையில் குந்தினான், மூடியில் தேத்தண்ணியை ஊற்றினான், விறைத்த கையென்று குடிக்கிறதுக்கு நீட்டவில்லை, பக்கத்தில் வைத்தான்.

"சரி," என்றான். "கை சூடேறட்டும்."

நான் கைகளைக் கக்கத்துக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டேன்.